கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு

"புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். எதைச் சொல்லியிருந்தாலும், எவ்வளவு வேகமாகச் சொல்லியிருந்தாலும் இதே பதில்தான். பின்னால் வரிசை நிற்கிறது, ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறது, யூனிஃபார்மில் இருப்பவரிடம் புரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் அந்தப் பதிலை வைத்து என் பேச்சைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. பேச்சுத்திறனை எப்படி வளர்ப்பது என்று இளைய செவிலியர்கள் கேட்கும்போது நான் முதலில் சொல்வது இதுதான்: தடுமாறாமல் பேசினோமா என்ற கவலையை விடுங்கள், கேட்டவரிடம் என்ன போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். நமக்கான மார்க் அவரிடம்தான் இருக்கிறது.

தேனி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் தொற்றாநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பார்ப்பதும், சுகர், பிரஷர் பார்ப்பதும், இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதும், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் என் வேலை. கைக்கு இருக்கும் வேலையைவிட வாய்க்கு அதிகம். நான் சொன்னது சரியாகப் போய்ச் சேராவிட்டால் அது யாரோ ஒருவருடைய உடம்பில் போய் முடியும். அதனால்தான் பேச்சை நான் ஒரு கலையாகப் பார்ப்பதில்லை. ஊசி போடுவது போல, சரியாகச் செய்தோமா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய வேலையாகவே பார்க்கிறேன்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ராய் கெசல்ஸ் 2003ல் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் படிக்க வேண்டும் என்பேன். மருத்துவப் பணியாளர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் கிட்டத்தட்ட பாதி தப்பாக நிற்கிறது என்கிறார் அவர். ஓபியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. "இனிமே ஊசிதான் போடணும்" என்று கேட்டவுடன் ஒருவருக்கு மனம் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் நாம் சொல்கிற எதுவும் காதில் ஏறாது.

இன்னொன்று, 1990ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்த சோதனை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3தான். தட்டுகிறவருக்கு மனதுக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் தட்டல் சத்தம். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய விஷயத்தைப் பேசும்போது நாம் எல்லாருமே அந்தத் தட்டுகிறவர்கள்தான். இது செவிலியருக்கு மட்டும் இல்லை. பேங்க்கில் கடன் விவரம் சொல்கிறவர், வகுப்பில் பாடம் நடத்துகிறவர், வீட்டுக்கு வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டு எப்படி ஓட்டணும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர், யாராக இருந்தாலும் இதே நிலைதான்.

சரி, எப்படிச் சோதிப்பது? சொன்னதைக் கேட்டவரையே திருப்பிச் சொல்லவைப்பதுதான் நான் கண்ட நல்ல வழி. மருத்துவத் துறையில் இதை டீச் பேக் என்பார்கள். ஆனால் கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தியது மாதிரி ஆகிவிடும். அறுபது வயதுக்காரர் கூனிக்குறுகிப் போவார். நான் இப்படிக் கேட்கிறேன்: "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்ன சொல்லுவீங்க?" இதில் பரீட்சை எனக்குத்தான். அது அவர்களுக்கும் தெரிகிறது, அதனால் தயங்காமல் பேசுகிறார்கள்.

ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊசி போட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க ஆத்தா, நாளைக்குக் காலைல ஊசியை எப்படிப் போடுவீங்க?"

"பாட்டில உள்ளங்கையில வச்சு உருட்டுவேன் தாயி. குலுக்க மாட்டேன். அப்புறம் இருவது வரைக்கும் இழுப்பேன்."

"எந்த ஊசியில இழுப்பீங்க?"

"அதான், மெடிக்கல்ல குடுக்காகல்ல, அதுல."

சுருக்குப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு மூடி போட்ட சிரிஞ்ச். அவரிடம் இருந்த பாட்டிலோ ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் சரி. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அவர் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். பாட்டி எதையும் தப்பாகச் செய்யவில்லை, சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். இது தெரியாமல் அளவைக் கூட்டி எழுதி, அப்புறம் ஒருநாள் கடைக்காரர் சரியான சிரிஞ்சைக் கொடுத்திருந்தால், கூட்டிய மருந்து முழுசாக உள்ளே போய்ச் சர்க்கரை அபாயமாக இறங்கியிருக்கும். சிவப்பு மூடி ஒன்றை அவர் கையில் கொடுத்து, "இதைக் காட்டி இதே மாதிரி குடுங்கன்னு கேளுங்க" என்றேன். கடைக்காரரிடம் எப்படிக் கேட்பார் என்று மறுபடி சொல்லவைத்தேன். "செவப்பு மூடி இல்லாட்டி வேணாம்பேன்" என்றார். அது நான் சொல்லாத வார்த்தை. சொந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்றால் விஷயம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். நாம் சொன்ன வாக்கியத்தையே ஒப்பித்தால் இன்னொரு தடவை வேறு மாதிரி கேட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லவைக்க நேரம் கிடைக்காது, தேவையும் இல்லை. தப்பாகப் போனால் எது உயிருக்கு ஆபத்தோ, எது பணத்துக்கு நஷ்டமோ, அந்த ஒன்றை மட்டும் கேட்டால் போதும். திருப்பிச் சொல்ல முடியாமல் அவர் திணறினால் குரலை உயர்த்தி அதையே மறுபடி சொல்வதில் பயன் இல்லை. வார்த்தையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கையில் பொருளைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மாத்திரை கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பது எழுதிக் கொடுப்பதைவிட எங்கள் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. மாத்திரையை நிறத்தைச் சொல்லி அடையாளம் காட்டுவதை மட்டும் நான் தவிர்க்கிறேன். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறமும் மாறிவிடும்.

இதுவரை சொன்னது பேசும் பக்கம். கேட்கும் பக்கத்தை அளப்பது இன்னும் கடினம், ஏனென்றால் நாம் நன்றாகத்தான் கேட்கிறோம் என்று எல்லாருமே நினைக்கிறோம். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 1984ல் டாக்டர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். 18 நொடியில் ஒருவர் என்ன சொல்லிவிட முடியும்? எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு "நல்லாருக்கியா தாயி" என்று ஆரம்பித்து விஷயத்துக்கு வரவே அதைவிட நேரமாகும்.

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். அப்படி ஓர் அக்கா, தோட்டத்தில் அடிக்கடி மயக்கம் வருகிறது என்று வந்தார். வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி என்று இருந்தது. "ஊசி எப்பக்கா போடுறீங்க?" என்றால் "காலைல, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்கிறார். சீட்டில் இருப்பதும் அதுதான், அவர் சொல்வதும் அதுதான். அதோடு விட்டிருந்தால் காரணம் கிடைத்திருக்காது. "காலைல எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்கக்கா" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன்.

இருட்டோடு எழுந்து சோறாக்குவார், பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பார், தோட்டத்தில் ஊசி போட இடமும் கிடையாது, கூட வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்ற வெட்கமும் உண்டு, அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஜீப் ஏறிவிடுவார். ஜீப் மலை ஏறி, தோட்டத்துக்கு நடந்து, கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு அப்புறம்தான் தூக்குவாளியைத் திறப்பார். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் பல மணி நேரம். மயக்கம் வராமல் என்ன செய்யும்? அன்றைக்கே டாக்டரிடம் பேசி, வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது போல ஊசி நேரத்தை அமைத்தோம். மயக்கம் வருவது போல இருந்தால் உடனே தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடிக்க வேண்டும், அதற்காகச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் மடியில் இருக்க வேண்டும் என்பதையும், அவரோடு வேலை பார்க்கிற ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் திருப்பிச் சொல்லவைத்தே அனுப்பினோம். "எப்போ?" "எத்தனை?" என்று துண்டு துண்டாகக் கேட்டால் சீட்டில் இருக்கும் பதில்தான் வரும். நடந்ததைக் கதையாகச் சொல்ல விட்டால்தான் உண்மையான நாள் எப்படிப் போகிறது என்று தெரிகிறது. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

நாம் எப்படிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஃபோனில் பதிவு செய்து கேட்பது இன்னொரு வழி. நோயாளிகள் பேசுவதைப் பதிவு செய்வது கூடாது. கூட வேலை செய்யும் ஒருவரை நோயாளியாக உட்காரவைத்து, அவர் சம்மதத்தோடு வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிப் பதிவு செய்யலாம். முதல் தடவை நம் குரலே நமக்குப் பிடிக்காது. அதைத் தாண்டிவிட வேண்டும். அப்புறம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் கவனிப்பது நல்லது. ஒரே மூச்சில் எத்தனை செய்தி சொல்கிறோம். எதிரில் இருப்பவர் பேசின நேரம் எவ்வளவு. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருமுன் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோமா. இந்தக் கடைசிப் பழக்கம் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கிறது. "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கல்ல?" என்பது கேள்வி இல்லை, ஆமாம் என்று சொல்லச் சொல்வது. "போன வாரம் எந்தெந்த நாள் மாத்திரை போட முடியாமப் போச்சு?" என்று கேட்டால் விட்டுப்போவது சகஜம்தான் என்று அவருக்குத் தெரியும், உண்மையைச் சொல்வார்.

பக்கத்தில் ஒருவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்வது இதைவிடப் பலன் தரும், ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதித் தர வேண்டும், அபிப்பிராயம் கூடாது. "நல்லாப் பேசுனீங்கக்கா" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அந்த ஐயா ரெண்டு தடவை ஏதோ கேக்க வந்தார், நீங்க சீட்டு எழுதிட்டு இருந்ததால நிறுத்திட்டார்" என்பதை வைத்து நாளையே ஒரு மாற்றம் செய்யலாம். அப்படி ஒரு குறிப்பு வந்த பிறகுதான் எழுதுவதையும் பேசுவதையும் நான் தனித்தனியாக்கினேன். முகத்தைப் பார்த்துப் பேசி முடித்த பிறகே பேனா எடுப்பது. குறிப்பைக் கேட்கும்போது விளக்கம் சொல்லாமல் இருப்பது முக்கியம். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த தடவை அவர் எழுதித் தர மாட்டார்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்று பல வகுப்புகளில் இன்னமும் சொல்கிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் இவை. ஒருவர் சொல்லும் சொல் ஒன்றாகவும் குரலோ முகமோ வேறாகவும் இருக்கும்போது, அவருக்கு நம்மேல் இருப்பது விருப்பா வெறுப்பா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதைத்தான் அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்துவது தவறு, எங்கள் வேலையில் ஆபத்தும்கூட. இன்சுலின் அளவை முகபாவத்தால் சொல்ல முடியாது. கனிவான முகம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வகுப்பு நேரம் முழுவதும் நிற்கும் விதத்துக்கும் கை அசைவுக்கும் போய்விட்டால், எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற பயிற்சிக்கு இடமே இருக்காது.

அந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவது ஃபோனில். முன்பு வார்டில் இருந்தபோது இரவு டூட்டியில் இதைப் பார்த்திருக்கிறேன். "சார், பதினாலாம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்றால் தூக்கத்தில் இருக்கும் டூட்டி டாக்டருக்கு என்ன விளங்கும்? எஸ்பார் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்தது, பிறகு கெய்சர் பெர்மனென்ட்டே மருத்துவ நிறுவனத்தார் மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றினார்கள். இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற வரிசையில் பேசுவது. அதே ஃபோன் இப்படி மாறும்:

"சார், பெண்கள் வார்டு. பதினாலாம் பெட் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது. சுகர் பேஷண்ட், சாயங்காலம் இன்சுலின் போட்டது, ராத்திரி சரியாச் சாப்பிடல. இப்போ சுகர் 48. லோ சுகர்னு நினைக்கிறேன். டெக்ஸ்ட்ரோஸ் போட ஆர்டர் வேணும் சார், நீங்க வந்து பாக்கணும்."

அரை நிமிடம்கூட ஆகாது. இதில் இளையவர்கள் தயங்குவது "நான் நினைக்கிறேன்" என்ற இடத்தில். டாக்டரிடம் அப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது நாம்தானே, சொல்லத்தான் வேண்டும். அப்புறம் ஃபோனில் சொல்லும் எண்ணைத் திருப்பிச் சொல்வது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் லைனில் ஒன்றாகவே கேட்கும். "ஃபைவ் ஸீரோ எம்.எல்.தானே சார்?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு உறுதி செய்துகொள்வேன். எழுத்திலும் அப்படித்தான். யூனிட் என்பதை ஆங்கிலத்தில் யூ என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்கி எழுதினால் அது சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். முழுசாக எழுத ஒரு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு மாத்திரை பலருக்கு வீட்டுக்கே போகிறது. நான் சொல்வது பெண் தன்னார்வலரின் வாய் வழியாகத்தான் அவர்களுக்குப் போகிறது. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினால் பாதி வழியிலேயே சிந்திப்போகும் என்பதால், ஒரு சுற்றுக்கு ஒரு செய்தி என்று வைத்திருக்கிறோம். ஒரு மாதம் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது என்பது, இன்னொரு மாதம் மயக்கம் வந்தால் சர்க்கரை என்பது. தன்னார்வலர் திரும்பி வரும்போது "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "கேட்டுட்டு அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறேன். "தோட்டத்துல செருப்பு போட்டா வழுக்குதுங்கிறாங்க" என்று பதில் வந்தால், எங்கே முட்டுகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இப்போது நான் பழகிக்கொண்டிருப்பது காது மந்தமானவர்களோடு பேசுவது. வயதாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். கத்தும்போது நம் குரலும் மேலே ஏறுவதால் சத்தம் போட்டுப் பேசுவது உதவுவதற்குப் பதில் குழப்புகிறது, போதாததற்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவருடைய வியாதி முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதனால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வாய் தெரியும்படி மாஸ்க்கை இறக்கிக்கொள்ளலாம் என்றால் இறக்கி, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்க்கிறேன். தலைக்கு மேலே கடகடவென்று ஓடும் ஃபேனை அந்த நேரம் மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். கூட வந்த மகனிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்புவது சுலபம்தான். ஆனால் மாத்திரையை விழுங்கப் போகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவரிடமே சொல்லி, அவரிடமிருந்தே திருப்பிக் கேட்டுக்கொள்வதைத்தான் எங்கள் பிரிவில் இப்போது வழக்கமாக்கி வருகிறோம்.